பிள்ளையின் ஏடு பேசட்டும்!

கோவைப் பக்கத்துத் தொழிற்பேட்டை ஒன்றில் அண்மையில் வாயிற்கூட்டம் முடித்துப் புறப்படும் நேரம். லேத் பட்டறைத் தோழர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்துச் சென்றார். கூலி பற்றியோ போனஸ் பற்றியோ பேசப் போகிறார் என்று எண்ணினோம். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது நான்காக மடித்த ஒரு காகிதம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளின் மதிப்பெண் தாள். கணக்கு: 100-க்கு 31. அறிவியல்: 100-க்கு 36.

"பதினொண்ணாவதுல கணக்குக் குரூப் நெனச்சுக்கூடப் பாக்காதீங்கன்னு சொல்லிட்டாங்கண்ணா. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறனுங்க. பட்டறைல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா, எந்த எடத்துல தப்பு, அளவு கூடிப்போச்சா கொறைஞ்சு போச்சான்னு சொல்லித்தான் திருப்பித் தருவாங்க. இந்தக் காயிதத்துல அது எங்கீங்கண்ணா எழுதியிருக்குது?"

தோழர்களே! அந்தக் கேள்விக்கு நம்மிடம் அப்போது விடை இல்லை. மேடையிலே ஒன்றரை மணி நேரம் பேசிய வாய், அந்த ஒரு வினாவின் முன் அடைத்துப் போயிற்று. அந்தக் காகிதத்தை நாமும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். 31 என்று இருந்தது. எங்கே தப்பு என்று இல்லை. தகப்பன் கையெழுத்துப் போட இடம் இருந்தது. தகப்பன் தெரிந்துகொள்ள ஒரு வரி இல்லை!

இரும்புத் துண்டுக்குக் கிடைக்கும் விளக்கம் இளம்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இதைத்தான் இன்று உங்கள்முன் வைத்துப் பேச விரும்புகிறோம்.

எண் மறைப்பது என்ன?

எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள் ஒரு சிறுமி. தவறு. சுழியம் போடுகிறார் ஆசிரியர். கதை அங்கே முடிந்தது.

முடியலாமா? அந்த விடை எப்படி வந்தது என்று பாருங்கள். மேலே இருக்கும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினாள், இரண்டு. கீழே இருக்கும் இரண்டையும் மூன்றையும் கூட்டினாள், ஐந்து. கூட்டல் அவளுக்குத் தெரியும். பின்னம் என்பது ஒரே பொருளின் பங்கு என்பது மட்டும் தெரியவில்லை. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னொன்றைச் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று அவளைக் கேட்க ஒருவரும் இல்லை. கேட்டிருந்தால், காகிதப் பட்டை ஒன்றை ஆறாக மடிக்கச் சொல்லியிருந்தால், அரை என்பது மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு மடிப்பு, ஆக ஆறில் ஐந்து என்று தானே கண்டிருப்பாள். பத்து நிமிட வேலை!

அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத பிள்ளைதான், "கணக்கு வராத பிள்ளை" என்று பெயர் வாங்குகிறது. அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் குரூப் கிடைப்பதில்லை, படிப்புக் கிடைப்பதில்லை, வேலை கிடைப்பதில்லை. தொடக்கம் எங்கே? ஒரு சுழியத்தில்! அந்தச் சுழியம் பிறந்த காரணத்தை ஏட்டிலே எவரும் குறித்து வைக்காததில்!

தொகுப்பேடு என்பது யாது?

உலகின் பல நாடுகளில் கல்வி வல்லுநர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 'போர்ட்ஃபோலியோ' என்பது அவர்கள் வைத்த பெயர். நாம் தொகுப்பேடு என்போம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பொருள் எளியது. ஆண்டு முழுவதும் பிள்ளை தன் கையால் செய்த வேலைகளில் சிலவற்றைத் தேர்ந்து, தேதியிட்டு, ஒரே கோப்பில் சேர்த்து வைப்பது. ஜூனில் போட்ட கணக்கு, செப்டம்பரில் போட்ட அதே வகைக் கணக்கு. தவறாகச் செய்த சோதனை, திருத்திச் செய்த சோதனை. வரைந்த படம், எடுத்த அளவு. அதன் அடியில், "இதை ஏன் சேர்த்தேன், இதில் நான் கற்றது என்ன" என்று பிள்ளையே எழுதிய நான்கு வரி. அவ்வளவுதான்.

இதில் புதுமை என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். உழைப்பவனுக்குப் புதுமை ஒன்றுமே இல்லை! ஓவியனை எடைபோட அவன் வரைந்தவற்றைப் பார்க்கிறோம். தறிக்காரரை எடைபோட அவர் நெய்த சேலையை விரித்துப் பார்க்கிறோம். பட்டறைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி, "இழைப்பது எப்படி என்று ஐந்து பக்கம் எழுது" என்றா கேட்கிறார்? அரத்தைக் கையில் கொடுத்து, துண்டைக் கவ்வியில் பிடித்து, "இழைத்துக் காட்டு" என்கிறார். செய்ததைப் பார்த்துச் சொல்லுவதுதான் உழைப்பாளர் உலகின் வழக்கம். பள்ளிக்கூடம் மட்டும், செய்ததைப் பார்க்காமல், ஒப்பித்ததை எண்ணிச் சொல்லுகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. நாம் கேட்பது அந்த ஏடு அல்ல. விதை போட்டு, தண்ணீர் விட்டு, கொடி ஏற்றி, காய் பறித்தவன் தன் கையால் எழுதிய ஏடு!

தீக்குச்சியும் வால்வு ட்யூபும்

இது வெறும் கனவு என்பார்க்கு ஒரு வரலாறு சொல்வோம். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்றொரு மாவட்டம். இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. அங்கே 1972-ல், 16 கிராமத்துப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. கிஷோர் பாரதி, பிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரண்டு அமைப்புகள் முன்னின்றன. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலை ஒப்பிக்கக் கூடாது. செய்து பார்க்க வேண்டும். கண்டதைத் தம் சொந்தச் சொல்லில் எழுத வேண்டும். இதுவே கொள்கை. 1978-ல் மாவட்டம் முழுவதற்கும் பரவிற்று. பின்னர் 1982-ல் தோன்றிய ஏகலவ்யா அமைப்பு அதைத் தாங்கி நடத்தியது.

அங்கே தேர்வு எப்படி நடந்தது தெரியுமா? பிள்ளைகள் புத்தகத்தையும் தாம் எழுதிய ஏட்டையும் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதினார்கள். செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் விடை கிடைக்காத வகையில் கேள்வி கேட்டார்கள். அதாவது, மனப்பாடத்திற்கு மதிப்பில்லை, சிந்தனைக்கே மதிப்பு.

அந்த முயற்சியின் பள்ளிகளுக்கு 1978-ல் ஒருவர் வந்து சேர்ந்தார். அரவிந்த் குப்தா என்று பெயர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், புணேயில் லாரி செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். விடுப்பு எடுத்துக்கொண்டு கிராமத்துப் பள்ளிக்கு வந்தார். சந்தையிலே காலணாப் பொருளாகக் கிடப்பதைக் கொண்டு கணக்குச் சொல்லித்தர முடியுமா என்று தேடினார். சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதிலே தீக்குச்சிகளைச் செருகினார். முக்கோணம் வந்தது. சதுரம் வந்தது. கனசதுரம் வந்தது. சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணத்தை அழுத்தினால் சாயாது. கூரைக்கும் பாலத்துக்கும் ஏன் முக்கோணச் சட்டம் போடுகிறார்கள் என்பது எட்டு வயதுப் பிள்ளையின் விரலுக்கே புரிந்துவிட்டது!

தோழர்களே, தீக்குச்சி என்றதும் நமக்குச் சிவகாசி நினைவு வரும். பிள்ளைகளின் விரல்களைப் பள்ளியிலிருந்து பறித்துத் தீப்பெட்டி அடுக்க வைத்த காலம் நம் நாட்டில் உண்டு. அதே தீக்குச்சி, பிள்ளையின் விரலுக்கு வடிவக்கணிதம் கற்பிக்கும் கருவியும் ஆகும். பொருள் ஒன்றேதான். யார் கையில், எதற்காக என்பதில்தான் வேறுபாடு.

அந்த ஹோஷங்காபாத் முயற்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முப்பது ஆண்டு நடந்தது. 2002-ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. ஏகலவ்யா இன்றும் பணி செய்கிறது, அரவிந்த் குப்தாவின் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீயும் வழங்கப்பட்டது. ஆனால் பள்ளிகளில் நடந்த திட்டம் போய்விட்டது. மக்கள் காவல் இல்லாத நல்ல திட்டம் ஒரே கையெழுத்தில் மாண்டுபோகும் என்பது அதில் நமக்குக் கிடைக்கும் பாடம்.

கடையில் வாங்கிய அறிவு

நம் மாநிலத்துக்கு வருவோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டது, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 29-ஆம் பிரிவு, பிள்ளையின் அறிவையும் அதைப் பயன்படுத்தும் ஆற்றலையும் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. தமிழகத்தில் 2012-13-ல் முப்பருவ முறை வந்தது. எட்டாம் வகுப்புவரை, எழுத்துத் தேர்வுக்கு 60, ஆண்டு முழுவதும் நடக்கும் செயல்பாடுகளுக்கு 40. வளரறி மதிப்பீடு என்று அழகான தமிழ்ப்பெயரும் வைத்தார்கள்.

கொள்கை நல்லது. நடந்தது என்ன? வீட்டிலே பிள்ளை இருக்கும் எவரையும் கேளுங்கள். "நாளைக்குப் புராஜெக்ட் வைக்கணும்ப்பா" என்று இரவு எட்டு மணிக்குப் பிள்ளை அழும். தகப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவான். அச்சடித்த படத்தாள் வாங்குவான். பிரவுசிங் சென்டரிலே பத்துப் பக்கம் பிரின்ட் எடுப்பான், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து. பிள்ளை ஒட்டும், மினுமினுப்புத் தாளால் அட்டை போடும், மதிப்பெண் வாங்கும். பிள்ளையின் சிந்தனை அதில் எங்கே இருக்கிறது? பசையில்தான் இருக்கிறது!

ஆசிரியரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாற்பது ஐம்பது பிள்ளைகள், கையில் இரண்டு மூன்று வகுப்பு, போதாக்குறைக்கு நாள்தோறும் நிரப்ப வேண்டிய பதிவேடுகள். ஒவ்வொரு பிள்ளையின் ஏட்டையும் படித்து நான்கு வரி எழுத அவருக்கு நேரம் யார் கொடுத்தது? ஆளையும் கொடுக்காமல், நேரத்தையும் கொடுக்காமல், அழகான பெயரை மட்டும் கொடுத்தால், அழகான அட்டைதான் திரும்பக் கிடைக்கும்.

"தேர்வுதானே சமம்?"

இந்த இடத்தில் நம் தோழர்களே ஒரு தடை எழுப்பக்கூடும். எழுப்ப வேண்டிய தடைதான், ஆகவே நாமே எழுப்பிவிடுகிறோம்.

"பொதுத்தேர்வுத் தாளுக்குச் சாதி தெரியாது. மடித்து ஒட்டிய எண்ணுக்குப் பின்னால் இருப்பவன் பண்ணையார் பிள்ளையா, பண்ணையாள் பிள்ளையா என்று திருத்துபவருக்குத் தெரியாது. அந்தத் தாளை ஏணியாக்கித்தான் நம்மவர் ஏறி வந்தார்கள். அதை எடுத்துவிட்டு, பிள்ளையின் முகம் பார்த்து, பெயர் பார்த்து, ஊர் பார்த்து மதிப்பிடும் ஏட்டை வைத்தால், பழைய பாகுபாடு புறவாசல் வழியே நுழையாதா? பணக்காரப் பிள்ளையின் ஏட்டை டியூஷன் வாத்தியார் எழுதித் தரமாட்டாரா?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிடைக்கிறது. அங்கே 1991-92-ல், நான்காம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கிலும் எழுத்திலும் தொகுப்பேட்டை மாநிலம் முழுமைக்கும் கொண்டுவந்தார்கள். அந்த ஏட்டுக்கு மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளிகளை ஒப்பிடவும் எண்ணினார்கள். ரேண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் அதைச் சோதித்து 1992 இறுதியில் முடிவு சொன்னது. ஒரே பிள்ளையின் ஏட்டை இருவர் தனித்தனியே திருத்தினால், இருவரும் போடும் மதிப்பெண் பெரிதும் ஒத்துவரவில்லை! பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட அந்த எண்களை நம்ப இயலாது என்று தெரிந்தது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் வந்தது. ஏடு வந்தபின் ஆசிரியர்கள் பாடம் நடத்தும் முறை மாறியிருந்தது. சூத்திரத்தை ஓதுவதை விட்டு, சிக்கலை அவிழ்ப்பதற்கும் விளக்கி எழுதுவதற்கும் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். சுமைதான், ஆயினும் சுமக்கத்தக்க சுமை என்றே தலைமை ஆசிரியர்கள் பலர் கருதினார்கள்.

தராசாக வைத்தபோது தோற்ற ஏடு, விளக்காக வைத்தபோது வென்றது! அதுதான் பாடம். ஆகவே நாம் சொல்வது இது: ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், பெயர் மறைத்த பொதுத்தேர்வு இருக்கட்டும். அதை விட்டுக்கொடுக்க நாம் ஒருப்படோம். ஆனால் தேர்வுக்கு முன்னால் இருக்கும் பத்து ஆண்டில், பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று காட்ட ஏடு வேண்டும். அதற்கு மதிப்பெண் வேண்டா. மதிப்பெண் போட்ட அன்றே அது கடைச்சரக்காகிவிடும். காய்ச்சல் அளக்கும் கருவி வேறு, காய்ச்சலுக்கு மருந்து வேறு. தேர்வு வெப்பத்தை அளக்கும், அளந்ததனால் நோய் தீராது.

கயிறும் கல்லும், திரையும்

இனி இணையத்துக்கு வருவோம். அறிவியலும் கணக்கும் கற்பிக்க இன்று இணையத்தில் கிடைக்கும் செல்வம் கொஞ்சமன்று. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், 2002-ல் 'ஃபெட்' என்றொரு திட்டத்தைத் தொடங்கினார். கணினித் திரையிலே பிள்ளை தானே தொட்டு நடத்திப் பார்க்கும் சோதனைகள். கட்டணம் இல்லை. பல சோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இன்றியும் ஓடும். ஆஸ்திரியா நாட்டில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்னும் மாணவர் 2001-ல் உருவாக்கிய 'ஜியோஜீப்ரா' என்பது வடிவக்கணிதத்தைத் திரையிலே அசைத்துக் காட்டும். 2018-19 முதல் வந்த நம் அரசுப் பாடநூல்களில் கட்டம் கட்டமாகக் கறுப்பு வெள்ளைக் குறியீடு அச்சிட்டிருக்கிறார்களே, அதைக் கைப்பேசியால் படம் பிடித்தால் அந்தப் பாடத்துக்கான காட்சி வரும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டது.

இவற்றைக் கண்டு, "இனி ஆய்வுக்கூடம் எதற்கு, ஆசிரியர்தான் எதற்கு, ஆளுக்கொரு கைப்பேசி போதும்" என்று பேசும் மேதாவிகள் உண்டு. அவர்களுக்கு ஒரு கயிற்றையும் ஒரு கல்லையும் காட்டுவோம்.

ஒரு மீட்டர் கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். சிறிது விலக்கி விடுங்கள். போய்த் திரும்பி வருவது ஓர் ஆட்டம். 20 ஆட்டத்துக்கு ஏறத்தாழ 40 விநாடி ஆகும். கல்லை மாற்றிப் பெரிய கல்லைக் கட்டுங்கள். அதே 40 விநாடி! கனமான கல் விரைந்து ஆடும் என்று எண்ணிய பிள்ளை திகைத்து நிற்கும். கயிற்றைக் கால் மீட்டராகக் குறையுங்கள். 20 விநாடி ஆகும். நீளம் நாலில் ஒன்றானால் நேரம் நாலில் ஒன்றாகவில்லை, பாதியாகத்தான் ஆயிற்று. ஏன்? அந்த "ஏன்" பிறந்த வினாடியில்தான் அறிவியல் பிறக்கிறது. இதற்குக் கைப்பேசி வேண்டா, மின்சாரமும் வேண்டா. ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கடிகாரம், அருகிலே ஓர் ஆசிரியர்.

அதன் பிறகு திரைக்கு வரட்டும். நிலவிலே இந்தக் கல் எப்படி ஆடும்? நம் ஊர்த் திண்ணையில் நிலவை இறக்க இயலாது, திரையில் இயலும். ஃபெட் சோதனையில் ஈர்ப்பை நிலவுக்கு மாற்றினால், அதே ஒரு மீட்டர் ஊசல் 20 ஆட்டத்துக்கு 100 விநாடிக்குச் சற்றே குறைவாக எடுத்துக்கொள்ளும். கை எட்டும் இடம்வரை கை. கை எட்டாத இடத்துக்குத் திரை. இதுவே முறை.

கணக்கிலும் அப்படித்தான். காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒன்றாக ஒட்டினால் நேர்கோடு வரும், அதாவது 180 பாகை. திரையில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்து ஆயிரம் முக்கோணம் பார்க்கலாம், எல்லாவற்றிலும் 180. ஆனால் ஆயிரம் பார்த்ததும் சாட்சிதானே தவிர, நிரூபணம் ஆகாது. உச்சியின் வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு, ஏன் எப்போதும் 180 என்று காட்டுவதே நிரூபணம். அந்தக் கோட்டைப் பிள்ளையின் கை போட வேண்டும். அந்தத் தாள் ஏட்டில் இருக்க வேண்டும்.

கருவி யார் கையில்?

இலவசம், இலவசம் என்கிறார்களே, யாருக்கு இலவசம்? 2017-18-ல் நடுவண் அரசின் மாதிரிக் கணக்கெடுப்பு சொன்னது: நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தது 100-க்கு 4.4, இணைய வசதி இருந்தது 100-க்கு 14.9. நகரிலோ இணையம் 100-க்கு 42. அதற்கு இரண்டு ஆண்டு கழித்துக் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாள்தான். அந்தப் பத்தொன்பது மாதத்தில், வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தகப்பனோடு ஷிப்டுக்குப் போய்விடும் வீட்டுப் பிள்ளை என்ன படித்தது? எண்ணிப் பாருங்கள். அதன்பின் கைப்பேசிகள் பெருகியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆயினும் வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்பதும் பிள்ளைக்கு ஒரு கல்வி என்பதும் ஒன்றாகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. மாணவர் ஒருவர் உலகுக்கெல்லாம் தந்த அந்த ஜியோஜீப்ராவை, 2021 டிசம்பரில் பைஜூஸ் என்னும் டியூஷன் நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2024 ஜூலையில் அந்த நிறுவனத்தின் மீதே திவால் நடவடிக்கை தொடங்கிற்று. ஊர்ப் பொதுக்கிணறு வட்டிக்கடையில் அடகு போனால் எப்படி இருக்கும்? பிள்ளைகளின் கருவிகள் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் சிக்கலாமா என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? பொதுப்பணத்தில், தாய்மொழியில், எவரும் பூட்டு போட முடியாத பொதுச்சொத்தாக அவை இருக்க வேண்டும் என்று கோருவது கடமை அல்லவா?

நாம் செய்ய வேண்டுவன

அரசிடம் கேட்பதை முதலில் சொல்வோம். 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைத்திருக்கிறார்கள். வரவேற்கிறோம். அவற்றின் கதவு தேர்வு நாளில் மட்டும் திறந்தால் போதாது. கணக்குக்கும் அறிவியலுக்கும் வாரந்தோறும் திறக்கட்டும். காலி ஆசிரியர் இடங்கள் நிரம்பட்டும். பதிவேட்டுச் சுமை குறைந்து, ஏடு படிக்கும் நேரம் ஆசிரியருக்குக் கிடைக்கட்டும்.

அடுத்து, நம் கையில் இருப்பது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. ஷிப்டு என்று சொல்லி அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். போய், "மதிப்பெண் தாளைக் காட்டியது போதும், என் பிள்ளையின் ஏட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

மூன்றாவது, நம் படிப்பகங்கள். நாளேடு கிடக்கும் அந்த மேசையிலேயே, வாரம் இரண்டு மாலை, படித்த இளைஞர் ஒருவர் உட்காரட்டும். பழைய கணினி ஒன்றில் தமிழ்ச் சோதனைகளை இறக்கி வையுங்கள். கயிறு, கல், அளவுநாடா, தீக்குச்சி, வால்வு ட்யூப் ஒரு பெட்டியில் இருக்கட்டும். எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்து, அட்டை போட்டு, பிள்ளைக்கு ஓர் ஏடு கொடுங்கள். மூன்றே விதி: தேதி இருக்க வேண்டும், பிள்ளையின் கையெழுத்தாக இருக்க வேண்டும், தவறை அழிக்கக் கூடாது, பக்கத்தில் திருத்தி எழுத வேண்டும்.

இப்படிப் பேசிக்கொண்டே இருந்தால் போதுமா என்று, அந்த வாயிற்கூட்டம் நடந்த ஊர்ப் படிப்பகத்திலேயே தோழர்கள் தொடங்கிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து நாம் மீண்டும் போனோம். லேத் பட்டறைத் தோழர் இம்முறை கொண்டுவந்தது மடித்த காகிதம் அல்ல, தைத்த ஏடு.

ஊசல் சோதனையின் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒரு மீட்டர் கயிறு, 20 ஆட்டம், 38 விநாடி என்று முதலில் எழுதியிருந்தாள் அவர் மகள். மற்றப் பிள்ளைகளுக்கு 40. மறுபடி செய்தாள், மறுபடியும் 38. அதன் கீழே அவளே எழுதியிருந்தாள்: கல்லை விட்டவுடனே "ஒன்று" என்று எண்ணிவிட்டேன். அப்போது ஆட்டமே ஆகவில்லை. ஆகவே நான் இருபது என்றபோது பத்தொன்பது ஆட்டம்தான் ஆகியிருந்தது. சுழியத்திலிருந்து எண்ணினேன், 40 வந்தது.

"பாத்தீங்களாண்ணா!" என்றார் தோழர். "இது ஜீரோ எரருங்க! வெர்னியர்ல வாயை மூடினா முள்ளு ஜீரோவுல நிக்காது பாருங்க, அதே தப்பு. இருவது வருசமா நாந் தெனமும் பாக்கற தப்பு. எம் புள்ளைகிட்ட இதைப் பத்தி அன்னிக்கு ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் பேசிட்டு இருந்தேனுங்க."

31 என்ற எண் அந்தத் தகப்பனையும் மகளையும் ஒரு வார்த்தை பேச விடவில்லை. 38 என்ற தவறு இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. பட்டறையில் அவர் பெற்ற அறிவும் அறிவுதான், அது தன் மகளுக்குப் பயன்படும் அறிவு என்பதை அன்றுதான் அவர் கண்டார்.

அடுத்த ஆண்டு அந்தப் பெண் பொதுத்தேர்வு எழுதுவாள். எத்தனை வாங்குவாள் என்று ஆருடம் சொல்ல நாம் சோதிடர் அல்லோம். ஆனால் எங்கே தப்பு, எப்படித் திருத்துவது என்று தேட அவள் கற்றுக்கொண்டாள். அதை எந்த மதிப்பெண் தாளும் இனி அவளிடமிருந்து பறிக்க இயலாது.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போடுமுன், இன்றிரவு அதன் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும், "இது என்ன கண்ணு, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை பேசட்டும். ஏடு பேசட்டும்!